மஸ்டர்ரோலும் குடும்ப அட்டையும்: நலஅரசு பற்றிச் சில குறிப்புகள்

1

2023 ஆகஸ்டில் குன்னத்தூரில் நடந்த முகாமொன்றில் அம்மாவுக்கான மகளிர் உரிமைத்தொகை விண்ணப்பத்தை நான்தான் பூர்த்தி செய்து கொடுத்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், "என்ன வேலைங்கம்மா பண்றீங்க?" என்று கேட்டார். "வேலையெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு, வூட்ல சும்மாதான் இருக்கறன்" என்றார் அம்மா. சும்மா இருப்பதாகச் சொன்னவர் முப்பத்தொரு வருஷம் விடிகாலை பஸ் பிடித்து, பெருமாநல்லூர் வழியாகத் திருப்பூர் போய், பனியன் கம்பெனிகளில் முதலில் கைமடியாகவும் பிறகு செக்கிங்கிலும் நின்றவர். நின்றவர் என்பதை அலங்காரத்துக்காக எழுதவில்லை. அவர் வேலை பார்த்த செக்கிங் டேபிள்களில் உட்கார இடம் கிடையாது. இன்று அவருடைய முழங்கால் இரண்டும் மடங்குவதில்லை. அந்த முப்பத்தொரு வருஷத்துக்குச் சாட்சியாக எங்கள் வீட்டில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. பி.எப். எண் இல்லை, இ.எஸ்.ஐ. அட்டை இல்லை, சம்பளச் சீட்டு என்பதையே அவர் பார்த்ததில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கையில் எண்ணிக் கொடுத்த பணம் மட்டுந்தான்.

செப்டம்பரில் ஆயிரம் ரூபாய் வரவானதாகப் போனில் வந்த செய்தியைப் படித்துக் காட்டினேன். "இது எந்தக் கணக்குல குடுக்கறாங்க சாமி?" என்றார். "நீ வூட்ல செஞ்ச வேலைக்காம்மா" என்றேன். அரசு அப்படித்தான் சொல்லியிருந்தது. கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "அப்பக் கம்பெனில செஞ்சதுக்கு?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதைத் தேடிப் போனதில் கிடைத்தவையே இக்குறிப்புகள்.

2

நலஅரசு என்கிற சொல் நம்மிடையே இரண்டு விதமாகப் புழங்குகிறது. ஆட்சியிலிருப்பவர்களுக்கு அது சாதனைப் பட்டியலின் தலைப்பு. சிற்றிதழ்க்காரர்களாகிய நமக்கு, முதலாளித்துவம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்துகொண்ட ஏற்பாடு. ஒரே வரியில் தீர்ப்பெழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறோம். இவ்விரண்டுக்கும் நடுவில் 'இலவசம்' என்கிற கேலிச்சொல் தாராளமாகத் திரிகிறது. மூன்றுமே அம்மாவின் கேள்வியைத் தொடுவதில்லை. ஒருவருக்கு ஒன்று கிடைக்கிறது என்றால் எந்தப் பெயரில் கிடைக்கிறது? ஏழை என்றா, தொழிலாளி என்றா, குடிமகள் என்றா? அந்தச் செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது?

ஐரோப்பிய வரலாறு இதற்கு மூன்று பதில்களைத் தந்திருக்கிறது. முதலாவது, இங்கிலாந்தின் 1834ஆம் ஆண்டு ஏழைகள் சட்டம். நிவாரணம் பெறுகிறவனின் நிலை, வெளியே மிகக் குறைந்த கூலிக்கு உழைப்பவனின் நிலையைவிட மோசமாக இருக்கவேண்டும் என்பது அதன் வெளிப்படையான கோட்பாடு. உழைப்பு விடுதிக்குள் நுழைகிறவன் சுதந்திரத்தை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். நிவாரணம் பெற்றவருக்கு 1918 வரை வாக்குரிமையும் கிடையாது. கஞ்சி வேண்டுமா, குடிமகனாக இருக்க வேண்டுமா என்று கேட்ட சட்டம் அது.

இரண்டாவது, ஜெர்மனியில் பிஸ்மார்க் கொண்டுவந்தது: 1883இல் நோய்க் காப்பீடு, 1884இல் விபத்துக் காப்பீடு, 1889இல் முதியோர் ஓய்வூதியம். 1878இல் சோஷலிஸ்டுகளைத் தடைசெய்த அதே கைதான் இதையும் செய்தது. நோக்கம் எதுவானாலும் ஒன்று நிகழ்ந்தது. ஆலையின் பெயர்ப்பட்டியலில் இருப்பவன் தன் பங்கைச் செலுத்தி, அதன் பலத்தில் தலைநிமிர்ந்து கேட்கலாம் என்றாயிற்று.

மூன்றாவது, 1942 டிசம்பரில் வெளியான பெவரிட்ஜ் அறிக்கையும் அதையொட்டி 1948 ஜூலை 5இல் தொடங்கிய பிரிட்டிஷ் தேசிய மருத்துவ சேவையும். 1949இல் டி.எச். மார்ஷல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய சொற்பொழிவுகளில் இதற்கொரு கோட்பாட்டு வடிவம் தந்தார்: சிவில் உரிமை, அரசியல் உரிமை, அதன்பின் சமூக உரிமை. குடியுரிமையே மருத்துவத்துக்கும் கல்விக்குமான சீட்டு. ஆனால் பெவரிட்ஜின் காப்பீட்டுத் திட்டத்திலும் மணமான பெண் கணவனைச் சார்ந்தவளாகத்தான் இருந்தாள் என்பதைக் கவனிக்கவேண்டும். 'வூட்ல சும்மாதான் இருக்கறன்' என்கிற வாக்கியத்துக்கு லண்டனிலும் வேர் இருக்கிறது.

1990இல் எஸ்பிங்-ஆண்டர்சன் இதை வேறொரு அளவுகோலால் அளந்தார். தன் உழைப்பைச் சந்தையில் விற்காமலேயே ஒருவர் எவ்வளவு தூரம் மானத்தோடு வாழமுடிகிறது? செலவிட்ட தொகையைவிட இதுவே ஒரு நலஅரசின் தன்மையைக் காட்டும் என்றார். இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நம்மூருக்கு வருவோம்.

3

ஏழைகள் சட்டத்தின் கோட்பாடு கப்பலேறி நம்மிடமும் வந்தது. 1876-78 பஞ்சத்தை இன்றும் நம் பக்கத்துக் கிழவிகள் தாது வருஷம் என்றுதான் சொல்வார்கள். கோயம்புத்தூர் ஜில்லாவும் அதில் அடிபட்டது. வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், 1877 ஜனவரியில் நிவாரண வேலைகளில் ஆண் ஒருவருக்கான தினக்கூலியை ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவுமாகக் குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், இது உயிர் தாங்கப் போதாது என்று வாதிட்டார்; சில மாதங்களில் அந்த அளவு கைவிடப்பட்டது. அதற்குள் எத்தனையோ பேருக்குக் காலம் கடந்துவிட்டது. கல்லுடைப்பவனின் உயிருக்கும் சாவுக்கும் இடையே எத்தனை அவுன்ஸ் என்பதுதான் நம் மண்ணில் நவீன அரசு நடத்திய முதல் சமூகக்கொள்கை விவாதம்.

பஞ்சமில்லாத வருஷங்களில் அரசு இல்லை, பண்ணாடி இருந்தார். என் தாத்தா வருஷக் கணக்கில் பண்ணையத்தில் ஆளாக இருந்தவர். கூலி தானியமாக. புறவாசலில் கம்பங்கூழ், நோம்பிக்கு ஒரு வேட்டி, கல்யாணத்துக்கும் சாவுக்கும் முன்பணம். நோய், பசி, இழவு எல்லாவற்றுக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது என்ற வகையில் இதையும் ஒரு சமூகப் பாதுகாப்பு என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் முதலாளிக்கும் ஆளுக்கும் ஒரு பாசம் இருந்தது என்று ஏக்கத்தோடு சொல்பவர்களை நான் டீக்கடைகளில் கேட்டிருக்கிறேன். அந்தப் பாசத்தின் விலை தாத்தாவின் முதுகு. முன்பணம் தீராதவரை ஆள் வேறு தோட்டத்துக்குப் போகமுடியாது, தீரவும் தீராது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. ஆனால் புறவாசலிலிருந்து எங்கள் குடும்பத்தை வெளியே கொண்டுவந்தது அந்தச் சட்டமல்ல. அது எது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

4

பிஸ்மார்க்கின் வழி இந்தியாவுக்கு வர அறுபது வருஷத்துக்கு மேலாயிற்று. 1944இல் அடார்கர் தந்த அறிக்கையின் அடிப்படையில் 1948இல் இ.எஸ்.ஐ. சட்டம், 1952இல் பி.எப். சட்டம். தமிழகத்தில் இ.எஸ்.ஐ. முதலில் 1955இல் கோயம்புத்தூரில்தான் தொடங்கியது. பஞ்சாலைத் தொழிலாளர் இயக்கம் ரத்தம் சிந்தி உருவான ஊர் அது. சின்னியம்பாளையத்துத் தோழர்கள் நால்வர் தூக்கிலேறியது 1946 ஜனவரி 8இல். ஆலையின் பெரிய கேட்டும் மஸ்டர்ரோலும் சங்கமும் இருந்த இடத்தில் தொழிலாளி என்கிற பெயருக்குச் சட்டத்தில் ஒரு எடை கிடைத்தது.

ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருப்பூரில் அந்தப் பெயர் நிலைக்கவில்லை. காரணம் சட்டத்தின் எண்ணிக்கையிலேயே இருக்கிறது. மின்விசையில் இயங்கும் ஆலைக்கு இ.எஸ்.ஐ. பொருந்த முதலில் 20 பேர் வேண்டியிருந்தது, 1989 திருத்தத்துக்குப் பின் 10 பேர், பி.எப்.புக்கு 20 பேர். இப்போதைய விகிதத்தில் முதலாளி செலுத்தவேண்டியது பி.எப். 12 சதவீதம், இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம். நூறு ரூபாய்க் கூலிக்குப் பதினைந்து ரூபாய்க்கு மேல். ஒரு பெயரை மஸ்டரில் எழுதாமல் விடுவதன் லாபம் இதுதான்.

அம்மா கடைசியாக வேலை பார்த்த கம்பெனிக்கு ஒரே கட்டடத்தில் மூன்று போர்டு. கீழே கட்டிங், நடுவில் தையல், மேலே செக்கிங்கும் பேக்கிங்கும். ஒன்று முதலாளி பெயரில், ஒன்று அவர் மனைவி பெயரில், ஒன்று மச்சான் பெயரில். தையலில் இருந்தவர்களும் கம்பெனிக்காரர்கள் அல்ல, பவர்டேபிள் காண்ட்ராக்டரின் ஆட்கள். ஒரே நிறுவனத்தின் பிரிவுகளை ஒன்றாகவே கணக்கிடவேண்டும் என்று சட்டத்தில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மூன்று போர்டும் ஒரே கம்பெனிதான் என்று யார் போய் நிரூபிப்பது? "ஆபீசர் வந்தா எங்களைப் பின்வாசல்ல போகச் சொல்லீருவாங்க" என்பார் அம்மா. தாத்தாவுக்குப் புறவாசல், மகளுக்குப் பின்வாசல்.

இந்தப் பிளவைத் தொழில்நுட்பத்தின் தேவை என்று மட்டும் படிக்கக்கூடாது. நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் என்று வேலை பிரிவதற்குத் தொழில் காரணங்கள் உண்டு. ஆனால் சங்கம் வலுத்த காலங்களை ஒட்டியே பெரிய கம்பெனிகள் உடைந்து சிறு யூனிட்டுகளாகப் பரவின என்பதைத் திருப்பூரின் வரலாற்றை எழுதிய ஷரத் சாரி 2004இல் வெளியான தம் நூலில் விவரிக்கிறார். விளைவு என்னவென்றால், லட்சக்கணக்கானோர் உழைக்கும் இந்நகரில் நூறு படுக்கை இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டதே 2019 பிப்ரவரி 10இல்தான். கோவையில் திட்டம் தொடங்கி அறுபத்துநான்கு வருஷம் கழித்து.

5

1984இல் திருப்பூர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கோரிக்கை பஞ்சப்படி. இந்தச் சொல்லைச் சற்று நின்று பார்க்கவேண்டும். விலைவாசி ஏறும்போது அந்த ஏற்றத்தை யார் சுமப்பது என்பது கேள்வி. அதற்குத் தமிழில் கிடைத்த பெயருக்குள் தாது வருஷத்தின் பஞ்சமும் பண்ணையத்தில் அளந்த படியும் சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன. பஞ்சம் விதியோ, மழையோ அல்ல, கணக்கில் எழுதவேண்டிய செலவு, அதில் முதலாளிக்குப் பங்குண்டு என்று பனியன் தொழிலாளி சொன்ன சந்தர்ப்பம் அது. சமூகக்கொள்கையின் அரிச்சுவடி இதைவிட வேறென்ன?

அப்போது எனக்கு எட்டு வயது. அந்த 127 நாளும் அம்மா பஸ் ஏறவில்லை. சங்கத்தில் பெரிய ஈடுபாடு உள்ளவரும் அல்ல. எல்லாரும் போகவில்லை, இவரும் போகவில்லை. நாங்கள் எப்படிச் சாப்பிட்டோம் என்று பின்னாளில் கேட்டேன். "ரேசன் அரிசி இருந்துச்சு. நீங்க ரெண்டு பேரும் மத்தியானம் பள்ளிக்கூடத்துல தின்னுட்டு வந்துருவீங்க. அப்பறமென்ன" என்றார். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் அப்போது இரண்டு வயதுக் குழந்தை. அதன் மூதாதைகள் 1920இல் நீதிக்கட்சி சென்னை மாநகராட்சிப் பள்ளியில் செய்த முயற்சியும், 1956இல் காமராஜர் கொண்டுவந்த மதிய உணவும். சத்துணவைக் கவர்ச்சி அரசியல் என்று அன்றைய அறிவுஜீவிகள் பலர் கேலி செய்தார்கள். அந்தத் தட்டுச் சோறு ஒரு வேலைநிறுத்தத்தின் பின்னால் நின்றதை அவர்கள் பார்க்கவில்லை. எஸ்பிங்-ஆண்டர்சனின் அளவுகோல் குன்னத்தூரில் ஒரு அலுமினியத் தட்டு.

புறவாசலிலிருந்து எங்களை வெளியே கொண்டுவந்ததும் இதுதான். அரிசி ரேஷன் கடையில் கிடைக்கிறபோது கூழுக்குப் பண்ணாடி முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. 1980களின் தொடக்கத்திலிருந்து இப்பகுதிக் கிராமங்களைத் தொடர்ந்து ஆராய்ந்த ஜூடித் ஹேயர் 2012இல் எழுதிய கட்டுரையின் வாதமும் ஏறத்தாழ இதுவே. இங்குள்ள தலித் உழைப்பாளர்களின் நிலையை மாற்றியதில் தொழிலாளர் சட்டங்களைவிட அரசின் சமூகக்கொள்கைக்குப் பங்கு அதிகம். 1997இல் ஒன்றிய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என்று பிரித்தபோது தமிழகம் அதை ஏற்காமல் எல்லோருக்குமான விநியோகத்தைத் தொடர்ந்ததும் முக்கியமானது. எல்லோருக்கும் என்கிறபோது வரிசையில் நிற்பவர் 'ஏழை' என்று நெற்றியில் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை.

6

இத்தோடு நிறுத்தினால் இது அரசாங்க மலரில் வரவேண்டிய கட்டுரையாகிவிடும். மறுபக்கத்தையும் சொல்லவேண்டும்.

நம் அரசு ஆலைவாசல் வழியாக வரவில்லை. அடுப்படி வழியாக வந்தது. தொழிலாளி என்கிற பெயரில் கிடைக்கவேண்டியதைப் பெற்றுத்தர முடியாதபோது குடும்ப அட்டைதாரர் என்கிற பெயரில் வேறொன்றைத் தந்தது. இரண்டும் ஒன்றல்ல. மஸ்டரில் பெயர் இருந்தால் செலவு முதலாளி கணக்கில், அவர் மூலமாக வெளிநாட்டுக் கொள்முதல்காரர் கணக்கில் ஏறும். குடும்ப அட்டையில் பெயர் இருந்தால் செலவு பொதுப்பணத்தில் ஏறும். குழந்தைக்கு மதியச் சோறும் வீட்டுக்கு அரிசியும் அரசு தருகிறபோது கூலி அவ்வளவு குறைவாக இருந்தும் ஆள் மறுநாள் வேலைக்கு வரமுடிகிறது. ஐரோப்பியக் கடையில் மலிவாகத் தொங்கும் பனியனில் நம் ரேஷன் கடையின் பங்கும் நெய்யப்பட்டிருக்கிறது.

அந்தப் பொதுப்பணம் யாருடையது? எம்.ஜி.ஆர். ஆட்சியின் வருவாய் எப்படி ஏழைகளிடமிருந்தே, குறிப்பாகச் சாராய வரி வழியாகத் திரட்டப்பட்டது என்பதை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எழுதிய நூலில் காட்டினார். 2003இல் மதுச் சில்லறை விற்பனையே அரசு நிறுவனத்தின் கைக்கு வந்தபின் இது இன்னும் வெளிப்படை. கணவனின் சனிக்கிழமைச் சம்பளத்திலிருந்து எடுத்து மனைவியின் கணக்கில் போடும் அரசு, நடுவில் பனியன் முதலாளியைத் தொடாமல் சுற்றிப்போகிறது.

அரசின் மொழியை முதலாளிகளும் கற்றுக்கொண்டார்கள். 1989இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் வந்தது. படித்த ஏழைப் பெண்ணுக்கு அரசு தந்த தொகை. பின்னர் கொங்குப் பகுதி நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' வந்தது. மூன்று வருஷம் விடுதியில் அடைந்து வேலை செய்தால் முடிவில் கல்யாணத்துக்கு ஒரு தொகை. பெயர் நலத்திட்டம் போல. உள்ளே இருப்பது அந்தப் பெண்ணின் கூலியிலிருந்தே பிடித்துவைத்த பணம். நடுவில் நின்றுவிட்டால் அதுவும் போச்சு. பண்ணையத்து முன்பணம் ஆளைக் கடனால் கட்டியது, இது வராத பாக்கியால் கட்டியது.

அரசே முதலாளியாகும் இடத்திலும் இந்தப் பெயர் மறைப்பு உண்டு. அந்தத் தட்டுச் சோற்றைச் சமைத்த பெண்கள் முழுநேர அரசு ஊழியர் அல்லர். அவர்களுக்கெனத் தனியாக ஒரு சிறப்புக் காலமுறை ஊதியம். அங்கன்வாடிப் பெண்களுக்குப் பணிக்கொடை உண்டு என்பதையே 2022 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் சொல்லவேண்டியிருந்தது. 2018 ஜூலையில் எங்களுக்கு அருகே, அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியப் பெண் சமைக்கக்கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் மறித்தார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது அந்தப் பெண்ணை இடம்மாற்றியது. எதிர்ப்பு எழுந்த பிறகே உத்தரவு ரத்தானது. சோறு எல்லோருக்கும் பொது, சமைக்கும் கை பொதுவல்ல. நலஅரசு சாதியின் மேல் ஒரு தளம் போட்டு எழுந்த கட்டடம் என்பதை மறந்து எழுதுவது சரியல்ல.

7

அப்படியானால் மஸ்டர்ரோலுக்குத் திரும்புவதா? மூன்று போர்டு கட்டடத்தில் அது நடக்காது. 2020இல் ஒன்பது பழைய சட்டங்களைச் சேர்த்து நிறைவேற்றி, 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் பத்து, இருபது என்கிற அதே எண்களைத்தான் வைத்திருக்கிறது.

வேறொரு வழி நம் அனுபவத்திலேயே இருக்கிறது. கட்டடத் தொழிலில் கொத்தனாருக்கு நிலையான முதலாளி இல்லை. அதனால் 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஆளைத் தேடாமல் கட்டடத்தைப் பிடித்தது; கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் நலவாரியத்துக்கு. 1969இல் மகாராஷ்டிரத்து மாத்தாடிச் சட்டமும் சுமைதூக்குவோருக்கு இவ்வாறே வாரியத்தை முதலாளியின் இடத்தில் நிறுத்தியது. பனியனுக்கு மட்டும் ஏன் கூடாது? எந்த யூனிட்டில், எந்தக் காண்ட்ராக்டரிடம் தைத்திருந்தாலும் ஒவ்வொரு பெட்டியும் ஒரு நாள் துறைமுகத்துக்கோ கடைக்கோ போய்த்தான் ஆகவேண்டும். அங்கே பிடிக்கிற தீர்வையை, அதைத் தொட்ட கைகளின் ஓய்வூதியத்துக்கு எழுதலாம். கட்டட வாரியங்களில் பணம் செலவாகாமல் தேங்கிய கதையும், பீடிமீதான நலத்தீர்வை 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது ரத்தான கதையும் எனக்குத் தெரியும். சங்கம் இல்லாத இடத்தில் எந்தத் தீர்வையும் நிலைக்காது.

இன்று குன்னத்தூர் லைன் வீடுகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குக் குடும்ப அட்டை ஊரில், பெட்டிக்குள். ஒரே நாடு ஒரே ரேஷன் ஏற்பாட்டில் தமிழகம் 2020 அக்டோபரில் சேர்ந்தது. ஆனால் அட்டை எண்ணே தெரியாத பையன் என்ன செய்வான்? மஸ்டரிலும் பேரில்லை, அட்டையிலும் பேரில்லை, இங்கே ஓட்டும் இல்லை. அம்மாவுக்கு இரண்டு கதவில் ஒன்றாவது திறந்திருந்தது. 2020 ஊரடங்கில் அவர்கள் நெடுஞ்சாலையில் நடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம்.

வீட்டு வேலைக்கு ஆயிரம் ரூபாய் என்று அரசு ஒப்புக்கொண்டது சிறிய விஷயமல்ல. பெவரிட்ஜ் செய்யாததை அது பெயரளவிலாவது செய்திருக்கிறது. அதை இலவசம் என்று கேலி செய்பவரோடு எனக்குப் பேச்சில்லை. ஆனால் அந்தத் தொகை கம்பெனியின் முப்பத்தொரு வருஷத்தை மூடும் துணியாக ஆகிவிடக்கூடாது. முழங்கால் வைத்தியத்துக்கு அடுத்த மாதம் அம்மாவைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போகிறேன். அந்தச் செலவு இப்போதைக்கு என் கணக்கில்.